வலைத்தளமும் லயக் காம்பராவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)

    

கணினியைப் பற்றியும் இணையத்தைப் பற்றியும் பெரியோருக்கும் விளங்கும்படி, சிரிக்கவும் சிறிது சிந்திக்கவும் பேச வேண்டும் என்பது செயலாளர் எமக்கு இட்ட கட்டளை. சிரிப்புக்கு இங்கே பஞ்சமில்லை. கணினிக் கல்வி பயில்வோரைக் குறித்து நம் ஊரிலே ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மின்சாரத்தால் இயங்கும் எந்தப் பொருளையும் இவர்கள் திருத்தி விடுவார்கள் என்பதே அது. தைப்பொங்கல் விடுமுறைக்கு நாம் வீடு வந்தால், பெரியம்மாவின் கைத்தொலைபேசியும், மாமாவின் தொலைக்காட்சிப் பெட்டியும், அடுத்த காம்பராவின் சோறு அவிக்கும் மின்சட்டியும் எமக்காக வரிசையிலே காத்திருக்கின்றன. "நாம் படிப்பது வலைத்தளம் அமைக்கும் வேலை" என்று சொன்னால், "எங்கே அமைக்கிறீர்கள்? எத்தனை பேர்ச்சஸ் காணி?" என்று கேட்போரும் உண்டு. வேடிக்கையான கேள்விதான். ஆயினும் அதற்குள்ளே ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலிலே மென்பொருள் என்றால் என்ன என்று பார்ப்போம். கணினி என்பது ஓர் ஏவலாள். மென்பொருள் என்பது அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்த கட்டளைச் சீட்டு. வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த ஏவலாளுக்கு இரண்டு குணங்கள் உண்டு. களைப்பு என்பது அறவே இல்லை. புத்தி என்பதும் அறவே இல்லை.

காலையிலே பிரட்டுக்களத்தில் கங்காணி, "மேல் மலைக்குப் போங்கள், கூடை நிறையும்வரை கொழுந்து பறியுங்கள், நிறைந்ததும் மடுவத்துக்கு வாருங்கள்" என்று சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நம் தாய்மார் போகிறார்கள். மழை கொட்டினால் ஒதுங்குகிறார்கள். குளவி கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளைக் காம்பராவிலே குழந்தை அழுகிறது என்றால் வந்து பார்க்கிறார்கள். இவற்றையெல்லாம் கங்காணி சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

அதே கட்டளையைக் கணினிக்குக் கொடுத்துப் பாருங்கள். மழையிலும் பறிக்கும், குளவி கொட்டினாலும் பறிக்கும். கூடையின் அடியிலே ஓட்டை இருந்தால் கூடை ஒருநாளும் நிறையப் போவதில்லை. ஆதலால் யுக முடிவு மட்டும் பறித்துக்கொண்டே இருக்கும். இதனை எமது துறையிலே முடிவிலாச் சுழற்சி என்பர். இனிமேல் உங்கள் கைத்தொலைபேசி திடீரென்று விறைத்துப்போய், எதை அழுத்தினாலும் அசையாமல் கிடந்தால், உள்ளே எவரோ ஓட்டைக் கூடையோடு கொழுந்து பறிக்கிறார் என்று எண்ணி ஆறுதல் அடையுங்கள்.

சுழற்சி என்றதும் ஊவா மக்களாகிய நமக்குத் தெமோதரை ஞாபகத்துக்கு வர வேண்டும். பதுளை நோக்கி வரும் கோச்சி தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியிலே சுரங்கம் வழியாகப் போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைக் கண்டபோதுதான் பொறியியலாளருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் ஆகுக. மென்பொருள் எழுதுவோருக்கு அதிலே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வெறுமனே சுற்றுவது சுழற்சி அன்று. சுற்றும்போதே சிறிது இறங்க வேண்டும். இறங்கி இறங்கிக் கடைசியிலே பதுளையை அடைய வேண்டும். 1924 ஆம் ஆண்டிலே பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததற்கு அந்தச் சுற்றும் ஒரு காரணம். இறக்கம் இல்லாத சுற்று ஓட்டைக் கூடைதான்.

மென்பொருளில் உள்ள குற்றத்தை ஆங்கிலத்திலே 'பூச்சி' என்றே சொல்கிறார்கள். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணினியொன்றுக்குள்ளே மெய்யாகவே ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டுக் கொண்டது. அதனைப் பிடித்துக் குறிப்பேட்டிலே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பூச்சி இயந்திரத்துக்குள் இருந்தது. இக்காலத்துப் பூச்சிகளோ பெரும்பாலும் கட்டளை எழுதுபவரின் எண்ணத்துக்குள்ளேதான் குடியிருக்கின்றன. மழையையும் குளவியையும் அவர் எண்ணிப் பார்க்கவில்லையென்றால், அவருடைய கட்டளையிலும் மழை இராது, குளவி இராது. இதனைத் தயவு செய்து மனத்திலே வைத்துக் கொள்ளுங்கள். எமது பேச்சின் பிற்பகுதி இதன்மேல்தான் நிற்கப் போகிறது.

இனி இணையத்துக்கு வருவோம். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று பேச வைக்கும் ஏற்பாடே இணையம். அதன்மேல் பக்கங்களை எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் வலையை டிம் பேர்ணர்ஸ் லீ என்பவர் 1989 ஆம் ஆண்டிலே எண்ணி, சில ஆண்டுகளுள் உலகத்துக்குக் கொடுத்தார். இந்தப் பெரிய கட்டடம் முழுவதும் எதன்மேல் நிற்கிறது தெரியுமா? மின்சாரத்தின்மேல் அன்று, செயற்கைக்கோளின்மேல் அன்று. விலாசத்தின்மேல் நிற்கிறது. ஆம், தபாற்காரர் கேட்கும் அதே விலாசந்தான்.

இணையத்திலே சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் வேண்டும். பழைய முறைப்படி ஏறக்குறைய 430 கோடி இலக்கங்கள் இருந்தன. உலகத்துக்கு இது போதும் என்று முன்னோர் நினைத்தனர். 2011 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே பொதுக் களஞ்சியத்தில் பகிர்ந்தளிக்க இருந்த இலக்கங்கள் தீர்ந்துபோயின. ஆனால் அறிஞர்கள் அதற்கு முன்பே புதிய முறை ஒன்றை வகுத்து வைத்திருந்தார்கள். 340 என்று எழுதி, அதன் பின்னே 36 பூச்சியங்களை இடுங்கள். ஏறக்குறைய அத்தனை இலக்கங்கள்! ஊவாவிலுள்ள ஒவ்வொரு தேயிலைச் செடிக்கும், அதன் ஒவ்வோர் இலைக்கும் விலாசம் கொடுத்தாலும் தீராது.

இலக்கத்தை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே 1983 ஆம் ஆண்டிலே பெயரைச் சொன்னால் இலக்கத்தைத் தேடிக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். அது நடக்கும் விதம் மிக அழகானது. நமக்கு மிகப் பழக்கமானதும்கூட. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே ஒருவரைத் தேடி ஒருவர் பதுளை பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் நிலையத்தில் உள்ளவருக்கு அந்த ஆளைத் தெரியாது. ஆனால் நமுனுகுலை பஸ் எது என்று தெரியும். நமுனுகுலைத் தேநீர்க் கடைக்காரருக்கும் ஆளைத் தெரியாது. ஆனால் தோட்டத்துக்குப் போகும் பாதையைத் தெரியும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு, கீழ்ப்பிரிவா மேற்பிரிவா என்று தெரியும். பிரிவிலே விளையாடும் பிள்ளைகளுக்கு வீடு தெரியும். ஒவ்வொருவருக்கும் அடுத்த அடி மாத்திரமே தெரியும். ஆனாலும் வந்தவர் வீடு போய்ச் சேர்ந்து விடுகிறார். இணையத்திலும் இப்படியேதான். தலைமைப் பதிவேட்டுக்கு நாட்டைத் தெரியும். நாட்டுப் பதிவேட்டுக்கு நிறுவனத்தைத் தெரியும். நிறுவனத்துக்குத் தன் கணினியைத் தெரியும். நம் நாட்டின் 'எல்கே' என்ற முடிவெழுத்து 1990 ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. 2010 ஆம் ஆண்டிலே அதற்கு அனுமதி பெற்ற தமிழ்த் தம்பியும் பிறந்தான்: 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே வலைத்தள விலாசத்தை முடிக்கலாம்!

விலாசம் தவறினால் என்ன நடக்கும்? திரையிலே 404 என்ற இலக்கம் தோன்றும். 'நீர் தேடும் பக்கம் இங்கே இல்லை' என்பது அதன் பொருள். 'இவ்விலாசத்தில் இப்பெயருடையார் இல்லை' என்று தபாற்கந்தோரிலே எழுதித் திருப்பி அனுப்புவார்களே, அதற்கு இது பேரப்பிள்ளை. 403 என்று ஓர் இலக்கம் உண்டு: 'பக்கம் இருக்கிறது, ஆனால் உமக்கு உள்ளே அனுமதி இல்லை' என்பது அதன் கருத்து. பங்களா வாசலை ஞாபகப்படுத்தும் இலக்கம் இது! 301 என்று இன்னொன்று உண்டு. 'இப்பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. புதிய விலாசம் இது' என்று சொல்லி, தேடி வந்தவரைத் தானே அங்கே அழைத்துப் போகும்.

இந்த 301 ஐப் படிக்கும்போது எமக்குச் சிரிப்பு வருவதில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அதன்படி இம்மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பலர் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தனர். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்தவர்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் 'புதிய விலாசம் இது' என்று எழுதி வைத்துவிட்டுப் போக முடிந்தது? போகும் இடம் எது என்றே தெரியாதவர் எதை எழுதுவார்? ஒரு வலைப்பக்கத்துக்குக் கிடைத்த வசதி ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

எழுத்துக்கும் விலாசம் வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கணினி வந்த புதிதிலே தமிழ் எழுத்துக்குத் தனி இடம் இருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் காம்பராக்களிலே நாம் வாடகைக்குக் குடியிருந்தோம். பாமினி என்ற எழுத்துரு நம் நாட்டிலே பெருவழக்காக இருந்தது. அதிலே 'அம்மா' என்று அச்சிட்டு அனுப்பினால், பாமினி இல்லாத கணினியிலே அது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று போய் நிற்கும்! பெற்ற தாயை இப்படி எவராவது அழைத்ததுண்டா? 1991 ஆம் ஆண்டிலே வெளிவந்த யூனிக்கோட் முறையில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இலக்கம் வகுக்கத் தொடங்கினார்கள். நம் அகரத்தின் இலக்கம் 2949. கொழும்பிலும், சென்னையிலும், ரொறன்ரோவிலும் அதே 2949 தான். வாடகைக் காம்பராவிலிருந்து அகரம் சொந்த வீட்டுக்குக் குடி வந்துவிட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் மலையிலே விளையும் தேயிலைக்கும் விலாசம் உண்டு. ஆடி ஆவணிக் காற்றிலே ஊவாத் தேயிலைக்கு ஏறும் வாசனையை உலகச் சந்தை அறியும். தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு தேயிலைத் தொகுதியிலும் தோட்டத்தின் பெயர், தரம், தொகுதி இலக்கம், நிறை யாவும் எழுதப்பட்டிருக்கும். 1883 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்பு ஏலத்திலே, அந்த இலக்கத்தைக் கொண்டு எந்தத் தோட்டத்துத் தூள் என்று சொல்லி விடுவார்கள். கொழுந்துக்கு விலாசம் உண்டு. அகரத்துக்கு விலாசம் உண்டு. எவரும் எட்டிப் பாராத வலைப்பக்கத்துக்கும் விலாசம் உண்டு.

பெரியோர்களே! அந்தக் கொழுந்தைப் பறித்த கை குடியிருக்கும் லயக் காம்பராவுக்கு விலாசம் உண்டா?

நம் மாகாணத்துத் தோட்டங்கள் பலவற்றிலே இன்னும் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நம் விலாசம். கடிதம் தோட்டக் கந்தோரிலே இறங்குகிறது. அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் பிரிவுக்கு வருகிறது. ஒரே பிரிவிலே ஒரே பெயருடைய இருவர் இருந்தால், இருவரில் யார் முன்னே வருகிறாரோ அவருக்கே கிடைக்கிறது. வலையிலே ஒரே விலாசம் இரண்டு தளங்களுக்கு இருக்க முடியாது. லயத்திலோ ஒரே விலாசத்தில் ஒரு தோட்டமே இருக்கிறது! நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்ததும், வங்கிக் கடிதம் பிந்தி வந்து அடகு நகை ஏலம் போனதும் மலையகத்திலே புதிய கதைகள் அல்ல. இங்கே கூடியிருப்போருள் பலர் இப்படி ஒன்றேனும் அறிவீர்கள்.

'இப்பொழுதுதான் எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, கடிதம் எதற்கு?' என்று வாலிபர்கள் கேட்கலாம். நன்று. பரீட்சைப் பெறுபேறு இப்பொழுது கைத்தொலைபேசிக்கே வருகிறது. யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த படி என்ன? விண்ணப்பம். அதுவும் இணையத்திலே. படிவத்தைத் திறந்தவுடன் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். வீட்டிலக்கம்; அதன் பக்கத்திலே ஒரு சிவப்பு நட்சத்திரம். வீதியின் பெயர், அங்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் கட்டாயம் நிரப்ப வேண்டும். நாம் ஒன்றும் எழுதாவிட்டால் 'பிழை' என்கிறது. 'மூன்றாம் லயம்' என்று எழுதினால், சில படிவங்கள் அதனையும் 'பிழை' என்கின்றன. மனிதராகிய இலிகிதராக இருந்தால், "ஐயா, நாங்கள் லயத்தில் இருக்கிறோம்" என்று சொல்லலாம். அவரும் தலையை அசைத்து ஏதாவது எழுதிக் கொள்வார். புத்தி இல்லாத ஏவலாளிடம் என்ன பேச முடியும்? கூடை நிறையும்வரை அது விடாது.

குற்றம் இயந்திரத்தினுடையதா? அன்று. அந்தப் படிவத்தை எழுதியவர் கெட்டவரும் அல்லர். அவர் லயத்தைக் கண்டதில்லை; அவ்வளவுதான். அவர் அறிந்த வீடுகளுக்கெல்லாம் இலக்கம் இருந்தது. வீதிக்குப் பெயர் இருந்தது. ஆதலால் எல்லா வீடுகளுக்கும் இருக்கும் என்று எண்ணினார். அவர் எண்ணாத மழையும் குளவியும் நம் தலைமேல் விழுகின்றன. முன்னே சொன்ன பூச்சி இதுதான்.

இது வெறும் படிவத்தோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் சேவை 2016 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் தொடங்கியது. மிக நல்ல சேவை. அழைத்தவுடன் அவர்கள் கேட்பது நோயை மாத்திரம் அன்று, "எந்த இடம்?" என்பதையும் கேட்பார்கள். பிரசவ வேதனையோடு ஒரு பெண் இருக்க, "கோயிலுக்கு மேலே, பழைய மடுவம் தாண்டி, வலப்பக்கத்து லயம்" என்று இரவிலே பாதை அறியாத சாரதிக்குச் சொல்லிப் பாருங்கள். விலாசத்தின் அருமை அப்போது விளங்கும்.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற் போனோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதலிலே நூற்றுக்கணக்கிலே விடை வந்தது. பின்னர் அது குறைந்துகொண்டே போனது. குறைந்தது ஆறுதலே. ஆனால் எந்தக் காம்பராவிலே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஒரு மணி நேரத்திலே சொல்லக்கூடிய பதிவு இருந்திருந்தால், அந்தத் தடுமாற்றம் இருந்திராது அன்றோ? விலாசம் என்பது கடிதத்துக்கு மாத்திரம் உரியதன்று. 'இங்கே இன்னார் இருக்கிறார்' என்று நாடு அறிந்திருப்பதற்கு அடையாளம் அது.

நாடு நம்மை அறிய மறுத்த காலமும் உண்டு என்பதைப் பெரியோர் அறிவீர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தியது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோருக்கும் வழி திறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, '403: உள்ளே அனுமதி இல்லை' என்ற பலகையின் முன்னே ஒரு சமுதாயம் நின்றது எனலாம். விலாசத்தின் கடைசி வரி நாடு. அந்த வரியை நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்தார்கள். முதல் வரி வீட்டிலக்கம். அது நம் தலைமுறையின் வேலை.

நம் மக்களுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2021 ஆம் ஆண்டிலே தொற்றுநோயால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, நம் லுணுகலைப் பகுதியிலே பிள்ளைகள் இணைய வகுப்புக்காகப் பெரியோர் துணையோடு காட்டுமலை ஏறினார்கள். அங்கே ஏறக்குறைய 30 அடி உயரத்து மரவீட்டிலே அமர்ந்து, அலைவரிசை கிடைத்த இடத்திலே பாடம் கேட்டார்கள். இணையம் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகள் இணையத்தின் வீட்டுக்குப் போனார்கள்! இந்த ஊக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கதவிலக்கம் பெறுவது முடியாத காரியமா?

ஆகவே எமது சிறுமதிக்கு எட்டிய சில யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எண்ணுதல். சங்கத்து வாலிபர்கள் தத்தம் தோட்டத்திலே, பிரிவு பிரிவாக, லயங்களையும் காம்பராக்களையும் எண்ணி ஒரு பட்டியல் செய்யலாம். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும், கணினிகூட வேண்டாம். லயத்துக்கு ஓர் இலக்கம். காம்பராவுக்கு ஓர் இலக்கம். பாதைகளுக்குப் பெயர் இல்லையென்றால், மக்கள் கூடி நல்ல பெயராக இடட்டும்: கோயில் வீதி, பாடசாலை வீதி, ஆற்றோர ஒழுங்கை. பட்டியலை எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தர், தபாலதிபர், பிரதேச சபை, தோட்ட நிருவாகம் ஆகிய நால்வரிடமும் முறையாகப் போவோம்.

"காணி தோட்டத்துக்குரியது, நாம் எப்படி இலக்கம் இடுவது?" என்று சிலர் தயங்கலாம். தோட்டங்கள் பெரும்பாலும் அரச காணிகள். 1992 ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் போயிற்று. காணியுரிமை வேறு, விலாசம் வேறு. வாடகை வீட்டுக்கும் இலக்கம் உண்டு. அதனால் வாடகைக்காரர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. காணியுரிமைக்காகப் பேசுவோர் பேசட்டும், பேசத்தான் வேண்டும். அது முடியும்வரை கடிதம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்திய உதவியோடும் அரசாங்க உதவியோடும் எழும் புதிய தனி வீடுகளுக்கோ, சுவர் எழும்போதே இலக்கமும் எழ வேண்டும்.

இரண்டாவது, வரைதல். திறந்த வீதிப்படம் என்று ஒரு முயற்சி 2004 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தொடங்கி உலகெங்கும் நடக்கிறது. அதிலே எவரும் தம் ஊரைத் தாமே வரையலாம், தமிழிலும் பெயர் எழுதலாம், காசு வேண்டியதில்லை. பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் பிரிவுகளையும், பாதைகளையும், கோயில்களையும், பாடசாலைகளையும் நம் வாலிபர்கள் அதிலே எழுதி வைத்தால், அம்புலன்ஸ் சாரதிக்கு அது கைவிளக்கு. ஓர் எச்சரிக்கை: இடத்தின் பெயரை எழுதுங்கள், எந்த வீட்டிலே யார் இருக்கிறார் என்பதை ஊரறிய எழுத வேண்டாம். அது கொப்பியோடு இருக்கட்டும்.

மூன்றாவது, எழுதுதல். மலையகத்துப் பிள்ளைகள் மென்பொருள் எழுதப் படிக்க வேண்டும். உத்தியோகமும் சம்பளமும் நல்லவையே. அவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. லயத்தைக் கண்ட ஒருவர் படிவம் எழுதினால், 'வீட்டிலக்கம்' என்ற இடத்திலே சிவப்பு நட்சத்திரம் இடுவதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிப்பார். தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகக் கொண்டு, ஒரே பெயரோடு வாழும் மக்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர், குடும்பப் பெயர் கட்டாயம் என்று அடம் பிடிக்க மாட்டார். மிஷன் பாடசாலையிலே எமக்கு ஆங்கிலம் புகட்டிய ஆசிரியர்கள், பிறர் எழுதியதைப் பிழையின்றிப் பார்த்தெழுதக் கற்பித்தார்கள். அதற்கு என்றும் நன்றியுடையோம். இனி, பிறர் பார்த்தெழுதும்படி நாம் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த லயம் எந்த ஆண்டிலே கட்டப்பட்டது, எந்தப் பாதைக்கு முன்னாளிலே என்ன பெயர், எந்த மரத்தடியிலே முதற் கோயில் இருந்தது என்பன உங்கள் நெஞ்சிலே இருக்கின்றன. எந்தக் கணினியிலும் அவை இல்லை. பட்டியலோடு வரும் வாலிபரை இஸ்தோப்பிலே உட்கார வைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, அவற்றைச் சொல்லுங்கள். அவர் எழுதிக் கொள்வார். மின்சட்டியைத் திருத்தத் தெரியாது என்றாலும் அவரை மன்னித்து விடுங்கள்.

வாலிப நண்பர்களே! அடுத்த மலர் வெளிவருவதற்குள் ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவையாவது எண்ணி முடிப்போம் என்று உறுதி கொள்வோம். அந்தப் பிரிவிலே ஒரு கதவிலே ஓர் இலக்கம் ஏறி, அந்த இலக்கத்துக்கு ஒரு கடிதம் நேரே வந்து சேருமானால், நம் சங்கம் செய்த பணிகளுள் அதுவும் ஒரு நற்பணியாக எண்ணப்படும்.